மகனே, நான் அந்த மாத்திரையைச் சாப்பிடவில்லை

முதலில் என் கண்ணில் பட்டது கவிதா அக்காவின் கட்டைவிரல்தான். ரத்த ஆராய்ச்சிக்காக மாதம் ஒருமுறை போளூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் மலைக்கு வருகிறவர் அவர். கையில் சிலேட்டு அளவுக்கு ஒரு டேப் வைத்திருப்பார். அதன் திரையில் கேள்வி வரும், கேள்விக்குக் கீழே பச்சையாக ஒரு கட்டமும் சிவப்பாக ஒரு கட்டமும் வரும். போன பங்குனியில் நான் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தேன். நீ என் வயிற்றில் ஐந்து மாதம். அவர் எதிரே சாக்கின் மேல் உட்கார்ந்து, "மாத்திரை ஆச்சாம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் விரல் பச்சைக் கட்டத்துக்கு மேலே போய் நின்றுகொண்டது. தொடவில்லை, காத்திருந்தது. அந்த விரலைக் காக்கவைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஆச்சுங்க" என்றேன். காலி அட்டையையும் எடுத்துக் காட்டினேன். பத்துக் குழியும் வெறுமையாக இருந்தன. விரல் இறங்கியது.

நீ இதைப் படிக்கும்போது உனக்குப் பெண் பார்த்து முடித்திருப்பார்கள். அன்றைக்குத்தான் இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைத்து எழுதுகிறேன். இன்று உனக்கு ஒன்பது மாதம். தூளியில் ஒரு காலை வெளியே நீட்டிக்கொண்டு தூங்குகிறாய். எனக்குப் பத்தொன்பது வயது. பத்தாவது பாதியில் நின்றவள், எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். ஆண்பிள்ளைக்கு இதையெல்லாம் எழுதுவாளா ஒருத்தி என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் நேரில் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை. நீ பெரியவனாகி, மீசை வைத்துக்கொண்டு எதிரே நிற்கும்போது கட்டாயம் வராது. நீ பேச்சு அறியாமல் தூங்கும் இந்த நேரத்தில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் இருக்கிறது.

அவசரமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று நாலு மணி பஸ்ஸில் கவிதா அக்கா எங்கள் ஊர் வேலையை முடித்துக்கொண்டு போகிறார். இனி வரமாட்டார். அவர் எடுத்துப்போகும் டேப்பில் நான் சொன்ன ஒரு பொய் இருக்கிறது. அதையும் என்னைப் போன்றவர்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துத்தான், இந்த மலையில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அந்த ரத்த மாத்திரை பயன்படாது என்று பெரிய டாக்டர்கள் எழுதப்போகிறார்கள். அதை நிறுத்த என்னால் முடியுமா, முடிந்தாலும் எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. இதை எழுதி முடித்தால் தெரியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆச்சு என்ற சொல்லை நீ எப்படிப் பேசுவாயோ, எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது எல்லாவற்றுக்கும் ஆகிற சொல். சோறு ஆச்சா என்றால் வெந்துவிட்டதா என்று அர்த்தம், தின்று முடித்தாயிற்றா என்றும் அர்த்தம். எண்ணெய் ஆச்சு என்றால் தீர்ந்துபோயிற்று. சாமை ஆச்சு என்றால் அறுத்து வீடு வந்து சேர்ந்தது. மாத்திரை ஆச்சு என்று நான் சொன்னபோது அட்டையில் ஒன்றும் மிச்சமில்லை, அது நிஜம்தான். என் வயிற்றுக்குள் போகவில்லை, அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒருத்தி தாராளமாக ஒளிந்துகொள்ளலாம். நான் ஒளிந்துகொண்டேன்.

ரத்தம் ஊறுவதற்காக ஊருக்கு வருகிற நர்சம்மா கொடுத்த மாத்திரை அது, முதல் நான்கு நாள் ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் வெளிக்குப் போனபோது கறுப்பாகப் போயிற்று. தார் மாதிரி. என் உள்ளே ஏதோ அழுகிவிட்டது என்று நினைத்தேன், நீதான் அழுகிவிட்டாயோ என்றும் நினைத்தேன். யாரிடம் கேட்பது? நர்சம்மா புதன்கிழமை வந்தார்கள், அவர்களோடு கூட ஒரு ஆண் இருந்தார், கேட்கவில்லை. உன் அப்பா கர்நாடகத்தில் காபித் தோட்டத்தில் இருந்தார். போனில் இதை எந்த வார்த்தையில் சொல்வது? நானே ஒரு முடிவுக்கு வந்தேன். மாத்திரையை நிறுத்தினேன், கறுப்பு நின்றது. அப்போது கெடுதல் மாத்திரையில்தான் இருக்கிறது என்று நிச்சயம் பண்ணிக்கொண்டேன். தினமும் ஒன்றைப் பிதுக்கி, பூசணிக்கொடி பக்கத்தில் குச்சியால் மண்ணைக் கிளறிப் புதைத்தேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டினால் நர்சம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று, சாப்பிடுகிறவள் மாதிரியே நாளுக்கு ஒன்று.

உன் பெரியம்மா மல்லிகா, உன் அப்பாவுடைய அண்ணி, ஒரு நாள் பார்த்துவிட்டாள். அவள் வாயை நீ அறிவாய், இப்போதும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைக்கிறேன்.

"இன்னாடி, பூசணிக்கு ரத்தம் ஏத்துறியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கறுப்பைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை. குமட்டுகிறது என்று மட்டும் சொன்னேன்.

"அழாதடி. நல்லதுதான் பண்ணிகினு இருக்கிற. அத்தத் தின்னா புள்ள பெருத்துடும். பெருத்தா வூட்டுல பொறக்காது, கீழ இட்டுகினு போயி வயித்தக் கீறிடுவாங்க. நான் என் பெரியவனுக்கும் தின்னல, சின்னவளுக்கும் தின்னல."

"நர்சம்மாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாங்களேக்கா?"

"அவங்க அட்டையத்தான் பார்ப்பாங்க. வயித்தையா தொறந்து பார்ப்பாங்க?"

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அவள் சொல்வதற்கு முன்பே நான் புதைக்கத் தொடங்கிவிட்டேன். அவள் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால் பிடித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பில் என் பயம் பாதி போய்விட்டது. பயம் போனதும் கேட்க வேண்டும் என்ற எண்ணமும் போய்விட்டது.

எனக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். தங்கிப் படிக்கிற பள்ளியில் இருந்தபோது கணக்குச் சார் போர்டில் ஒன்றைப் போட்டு முடித்துத் திரும்பி, "புரிஞ்சுதா?" என்பார். "புரிஞ்சுது சார்" என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். அவர் நல்லவர், முகம் மலர்ந்து அடுத்ததற்குப் போவார். அந்த மலர்ந்த முகத்துக்காகவே நாங்கள் சொன்னோம். எனக்குப் பின்னம் கடைசிவரை புரியவில்லை. பத்தாவதில் என் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து, சோறாக்க ஆளில்லை என்று வீட்டுக்கு வந்தேன். அம்மா இரண்டு மாதத்தில் எழுந்துவிட்டாள். நான்தான் திரும்பிப் போகவில்லை. வீட்டு நிலைமை என்று எல்லோரிடமும் சொன்னேன். நிஜம் அது இல்லை. ஒன்றும் புரியாமல் புரிந்தது என்று சொல்லிக்கொண்டு இன்னும் ஒரு வருஷம் உட்கார என்னால் ஆகாது என்று நின்றுவிட்டேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட.

நீ ஆனி மாதம், நாள் நிறைவதற்கு மூன்று வாரம் முன்னால் பிறந்தாய். வலி எடுத்தபோது எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை, கண்ணை மறைத்தது. ஜீப்பில் படுக்கவைத்து வளைவு வளைவாகக் கீழே கொண்டுபோனார்கள். பெரியம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணத் தொறடி, என்னப் பாருடி" என்று வழி முழுக்கக் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, "இவ்வளவு கம்மியா?" என்றார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நீ இரண்டு கிலோகூட இல்லை. உன்னை என் கையில் தரவில்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். உன் விரல் ஒவ்வொன்றும் புளியங்கொட்டையின் அகலம்கூட இல்லை.

அங்கே நான் செய்ததுதான் என்னால் மன்னிக்க முடியாதது. மறுநாள் அந்த டாக்டரம்மா வந்து, குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார். "வயித்துல இருக்கும்போது ரத்த மாத்திரை சாப்ட்டியாம்மா? உண்மையச் சொல்லு, திட்டமாட்டேன்." சுற்றி நாலைந்து பேர், படிக்கிற பிள்ளைகள், நின்றார்கள். நான் தலையை ஆட்டினேன். அவர் அவர்களிடம் திரும்பி, ஒழுங்காகச் சாப்பிட்டும் இப்படி இருக்கிறது என்றால் பரம்பரையாக வருகிற ரத்த நோயாக இருக்கலாம், தாயையும் பிள்ளையையும் பார்த்துவிடலாம் என்றார். அன்று சாயங்காலம் உன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நீ வாயைத் திறந்தாய், அழுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உனக்கு அந்த நோய் இல்லை, எனக்கும் இல்லை. இருக்காது என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னைக் குத்தியிருக்க மாட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இத்தனைக்கும் கேட்டவர் திட்டமாட்டேன் என்று சொன்னவர்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு வயதான நர்சம்மா மாத்திரையைக் கையில் கொடுத்து, நான் கேட்காமலே சொன்னார்கள். "வெளிக்குப் போனா கறுப்பாத்தான் போவும். உடம்பு எடுத்துகினு மிச்சத்த வெளிய தள்ளுது, அவ்ளோதான். பயந்துக்காத. சாப்ட்ட கையோட டீ குடிக்காத, எலுமிச்சம்பழத் தண்ணி குடி." இவ்வளவுதான் சொன்னார்கள். நான் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டேன். கார்த்திகையில் கவிதா அக்கா வந்து என் விரலில் குத்திப் பார்த்தபோது ரத்தம் நன்றாக ஏறியிருந்தது. அவர் டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "புள்ள பொறந்தப்புறம் ஏறுதே, முன்னாடி ஏன் ஏறல?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். நான் உனக்குப் பால் கொடுக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். மூன்றாவது தடவையாக.

நீ இளைத்துப் பிறந்தது அந்த மாத்திரையைச் சாப்பிடாததால்தானா என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது என்பதைப் போன வாரம்தான் தெரிந்துகொண்டேன். அங்கன்வாடியில் எங்களை எல்லாம் உட்காரவைத்து, இத்தனை நாள் எதற்கு ரத்தம் எடுத்தோம் என்று கவிதா அக்கா விளக்கினார். "ஒருத்தர மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாதுங்க. ஒருத்தர் மாத்திரை சாப்டாமலே நல்லாருப்பாங்க, ஒருத்தர் சாப்ட்டும் சோந்து கெடப்பாங்க. ஊர் ஊராப் போயி, நெறையப் பேரக் கேட்டு, சாப்ட்டவங்களையும் சாப்டாதவங்களையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாத்தான் எது எதனாலன்னு தெரியும். உங்க ஒவ்வொருத்தர் பதிலும் அதுல ஒரு கல்லு மாதிரி." எனக்கு அது நன்றாகப் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் அப்படி ஒன்றும் புரிந்ததில்லை. உனக்கு இதனால்தான் ஆயிற்று என்று என்னைத் தண்டிக்க ஆள் கிடையாது, இதனால் இல்லை என்று விடுவிக்கவும் ஆள் கிடையாது. இனி இன்னொருத்தி பிள்ளைக்கு ஆகாமல் இருக்க வேண்டுமானால் நான் நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நான் வைத்தது பொய்க் கல்.

கடைசியில் அவர் சொன்னார், "உங்க ஊர்ல எல்லாருமே மாத்திரைய ஒழுங்காச் சாப்ட்டிருக்கீங்க. ஆனா புள்ள வயித்துல இருக்கும்போது யாருக்கும் ரத்தம் ஏறல. இந்த மலையில அது வேல செய்யலன்னுதான் எழுதப்போறாங்க. வேற வழி எதுன்னு அப்புறம் தேடுவாங்க, அதுக்கு நாளாவும்." எல்லாருமே என்றதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். ஒருத்தி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஒருத்தி கூரையைப் பார்த்தாள். என் ஒருத்தி பொய் மட்டும் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. உன் பெரியம்மா என் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இப்போது வயிற்றில் மூன்றாவது பிள்ளை, மூன்று மாதம். அவள் என் தொடையில் இடித்து, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல? இனிமே அந்தக் கருமத்தப் பொதைக்கிற வேலையும் மிச்சம்" என்றாள். அவள் முகம் வெளுத்துச் சோகை பிடித்திருந்தது. கீழுதட்டின் உள்பக்கம் சாம்பல் மாதிரி இருந்தது. ஜீப்பில் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டு வந்தவள் அவள். ஒரு வாரமாக என் கண்ணில் அந்த உதடுதான் நிற்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. கேட்டுக்கொள்ள மட்டும் ஒன்றிரண்டு இருக்கிறது. உன் வீட்டுக்கு வரப்போகிற பெண் என்னைப் போலப் பேசாதவளாக இருந்தால், அவளை ஆச்சா என்று கேட்காதே. ஆச்சா என்று கேட்டால் ஆச்சு என்றுதான் பதில் வரும். சாப்பிட்டால் என்ன செய்கிறது, எங்கே கஷ்டமாக இருக்கிறது என்று கேள். கேட்டுவிட்டு அவள் முகத்தை உடனே பார்க்காதே, வேறு வேலை செய்துகொண்டு இரு, மெதுவாகச் சொல்வாள். அவள் சொல்வது அருவருப்பாக இருந்தாலும் முகத்தைச் சுளிக்காதே. உன்னை யாராவது கேட்டாலும், கேட்கிறவர் முகம் மலர்வதற்காகப் பதில் சொல்லாதே. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல், செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல். மூன்று தடவை எனக்கு அந்த வாய்ப்பு வந்தது, மூன்று தடவையும் விட்டேன். என் சுபாவம் அப்படி என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அந்தச் சுபாவத்துக்கு உன் குதிகால் எதற்காக வலிக்க வேண்டும்?

இதுவரை எழுதியபோது மணி இரண்டு. நீ விழித்துக்கொண்டாய். உன்னைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். மற்றதைத் திரும்பி வந்து எழுதுகிறேன்.

கவிதா அக்கா ஊசி டப்பாவையெல்லாம் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். "வாம்மா. புள்ளைக்கு இன்னா?" என்றார்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லீங்க. நான்தான் ஒண்ணு சொல்லணும்."

அதற்கு மேல் வரவில்லை. நின்றேன். நீ என் தாலிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். அவர் அடுக்குவதை நிறுத்தவில்லை, அது எனக்கு உதவியாக இருந்தது.

"இவன் வயித்துல இருக்கும்போது நான் மாத்திரை சாப்டலீங்க. நாலு நாள்தான் சாப்ட்டேன். மிச்சத்தப் பொதைச்சுட்டேன்."

"காலி அட்டை காட்டினியே?"

"காலியாத்தானே இருந்துச்சு. ஆச்சான்னு கேட்டீங்க."

அவர் பையை விட்டுவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஆமாண்டி, ஆச்சான்னுதான் கேட்டேன். மலை முழுக்க அப்படித்தான் கேட்டுகினு வந்தேன். தீந்துச்சான்னு கேட்டதா நெனச்சிட்டியா?"

அவரே எனக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டார். ஆமாம் என்றால் முடிந்தது. "இல்லீங்க" என்றேன். "நீங்க கேட்டது புரிஞ்சுது. தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் பையிலிருந்து டேப்பை வெளியே எடுத்தார். கோபமா என்று தெரியவில்லை. பிறகு, "மத்தவங்க?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "சரி, நீ யாரையும் காட்டிக்குடுக்க வேணாம். ஆனா ஒன்னோடது ஒண்ண மாத்தினா ஊரு கணக்கு மாறாது. இப்ப நான் வூடு வூடாப் போயி மறுபடி கேட்டா இன்னா சொல்லுவாங்க?"

"ஆச்சுன்னுதான் சொல்லுவாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கண் சிரிக்கவில்லை. "நாலு மணி பஸ்ஸ விட்டுட்டுக் காலைலதான் போகணும்போல. எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரில" என்றார்.

நான் வெளியே வந்தேன். உன் பெரியம்மா வீட்டு வாசலில் அவளும் இன்னும் நாலு பேரும் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னாடி, மூஞ்சி செவந்து கெடக்குது? மாமனுக்குப் போன் பண்ணியா?" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போகவில்லை. கேட்டால் ஆச்சு என்கிறவர்கள், ஒருத்தி முதலில் சொன்னால் தாங்களும் சொல்லக்கூடும் என்று பட்டது. உன்னை அவள் மடியில் உட்காரவைத்துவிட்டு நடுவில் நின்றேன்.

"அக்கா, அந்த மாத்திரை தின்னப்போ எனக்கு வெளிக்குக் கறுப்பாப் போச்சுக்கா. செத்துடுவேன்னு பயந்துதான் பொதைச்சேன், குமட்டல் எல்லாம் பொய்யி" என்று, ஐந்து பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.